எங்க போட்டீங்க, அண்ணாச்சி?

முதலில் கெடுதல் செய்தது செண்பகராமன்தான். எந்தக் கோயில் வாசலில் நிறுத்திக் கேட்டாலும் வடமலையான் இதைச் சொல்வார். ஜோஷிமட்டில் இவர் அவனுக்கு மட்டும் ஆறிப்போன காபியைக் கொடுத்தது, அவன் இலைக்கு மட்டும் அப்பளத்தை மறந்தது, இருபத்திரண்டு வருஷமாக இதே ஊரில் இதே கேள்வியைக் கேட்டது, இதெல்லாம் அப்புறம் வந்த சங்கதி. முதலில் கை வைத்தவன் அவன். வாய்க்கு அண்ணாச்சி, மனசுக்கு அவன். சாத்தூரிலிருந்து வருஷா வருஷம் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு காசி, கயா, ஹரித்துவார், பத்ரி என்று சுற்றிக்காட்டும் யாத்திரைக்காரன், எண்பத்தியொரு வயசு, மாலையும் பட்டுத்துண்டுமாக முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறவன். வடமலையான் கடைசி சீட்டில், அடுப்புக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே, எழுபது வயசு, மூன்றாம் வகுப்புப் படிப்பு, சமையல் மாஸ்டர். இன்றைக்குத் தேவப்பிரயாகை. காலை பத்து மணி. பஸ்ஸை ரோட்டோரம் நிறுத்தி ஜனங்கள் இறங்கிப் போன பிறகு டீக்கடைக்குப் பின்னால் அடுப்பைப் பற்றவைத்து, உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருக்கும்போதுதான் செண்பகராமனின் மகன் காசிராஜன் வந்து நின்றான். "மாஸ்டர், கீழ வாங்க. ஆத்துக்கு." அவர் தலையைத் தூக்கவில்லை. "நான் கீழ வாரதில்லன்னு ஒமக்குத் தெரியும் தம்பி." "தெரியும். அப்பா சொல்லப் போறாராம்." கத்தி நின்றது. "என்னத்த?" "நீங்க கேக்கிறத. வேற என்னத்த? இதுதான் அவருக்குக் கடைசி வருஷம் மாஸ்டர், டாக்டர் இதோட போதும்னுட்டாரு. கயாவுல இருந்து சரியா சாப்பிடல. ஒங்களக் கூட்டிட்டு வான்னு படியில ஒக்காந்து கெடக்காரு." கத்தியை உருளைக்கிழங்குத் தண்ணீரில் போட்டுவிட்டு வடமலையான் எழுந்தார். முட்டி இரண்டும் சத்தம் போட்டன. கடைசிப் படி வரைக்கும் வருவேன், தண்ணீரில் கால் வைக்க மாட்டேன் என்றார். ஆள் கிளம்பினாரே, அது போதும் என்று காசிராஜன் முன்னால் நடந்தான்.

ரோட்டிலிருந்து தொங்கு பாலத்துக்கு இறங்குகிற சந்தில் எருமைச் சாணியும் டீசல் புகையும் எங்கேயோ கடுகெண்ணெய் காய்கிற நாற்றமும் கலந்து வந்தன. கடுகெண்ணெய் அவருக்கு எத்தனை வருஷமாகியும் பழகவில்லை. சொல்லப் போறாராம். இருபத்திரண்டு வருஷம் சொல்லாதவன் இன்றைக்கு எதற்குச் சொல்கிறான், சாவு பக்கத்தில் வந்துவிட்டது என்றா, எனக்குக் கொடுக்க வேண்டியதைச் சாவுக்குப் பயந்து கொடுக்கிறானா, அப்படிக் கொடுத்தால் வாங்கலாமா. வாங்கலாம். எப்படிக் கொடுத்தாலும் வாங்க வேண்டியதுதான், அவளுக்குச் சேர வேண்டியது அது. சம்சாரம் சீனியம்மாளை நினைத்தால் முதலில் முகம் வராது, குதிகால் வரும். வெடித்து, வெடிப்புக்குள் கரிசல் மண் ஏறிக் கறுத்த குதிகால். தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்து வாசல்படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, "அந்தத் தண்ணியப் பத்திச் சொல்லுங்க" என்பாள். அவள் பார்த்த ஆறு வைப்பாறு ஒன்றுதான். அதில் மணல் ஓடும், லாரி ஓடும், தண்ணீர் ஓடி அவள் பார்த்ததில்லை. முதல் வருஷம் யாத்திரை போய் வந்து அவர் சொன்னார், ஒரு பக்கம் பச்சையா ஒரு ஆறு எரைஞ்சுக்கிட்டு வருது, இன்னொரு பக்கம் கலங்கலா ஒண்ணு சத்தமில்லாம வருது, ரெண்டும் ஒரு பாறை முனையில சேருது, சேந்த பெறகுதான் அதுக்குக் கங்கைன்னு பேரு. பச்சை ஆற்றை மாமியார் என்றும் கலங்கலை மருமகள் என்றும் அந்த ஊர்க்காரர்கள் சொல்வதாக டிரைவர் சொன்னதையும் சொன்னார். அதற்கு அவள் சிரித்த சிரிப்பு! "சத்தமில்லாம வாரவதான மருமக, சரியாத்தான் வச்சிருக்கானுங்க," என்று அடுத்த வீட்டுக்காரி வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். பிறகு ஒரு நாள், கேட்காதது போலவே கேட்டாள், அதுல ஒரு தடவ கால நனைக்கணும். நனைப்போம் என்றார். அவர் கேட்டது பெரிய விஷயமில்லை. காய் நறுக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளாக அவளைக் கூட்டி வருகிறேன், தரையில் உட்கார்ந்து வருவாள் என்று செண்பகராமனிடம் நான்கு வருஷம் கேட்டார். "பொம்பளய அடுப்படி ஆளாக் கூட்டிட்டு வந்தா ஜனம் என்ன சொல்லும் வடமலை? அடுத்த வருஷம் பாப்போம்." அடுத்த வருஷம் பாப்போம். அதையும் சேர்த்துத்தான் முதல் கெடுதல் என்று சொல்ல வேண்டும். ஐந்தாவது வருஷம் பங்குனியில் அவள் போய்விட்டாள், காய்ச்சல், நான்கே நாள்.

தொங்கு பாலம் காலுக்கடியில் ஆடியது. இருபத்திரண்டு வருஷத்தில் இந்தப் பாலத்தில் முதல் தடவையாகக் கால் வைக்கிறார். அதற்கு முந்தி ஐந்து வருஷம் இதில் தண்ணீர்க் குடத்தோடு ஓடியிருக்கிறார், அப்போது ஆட்டம் தெரிந்ததில்லை. கம்பியைப் பிடித்தார், சில்லென்று எலும்புவரை ஏறியது. கீழே பச்சைத் தண்ணீர் பாறையில் மோதி வெள்ளையாய்த் தூக்கி எறிந்துகொண்டிருந்தது. இங்கிருந்து எறிந்திருப்பானோ. இருபத்திரண்டு வருஷமாக ரோட்டில் நின்று இந்தப் பாலத்தைப் பார்த்து நினைத்த அதே நினைப்பு, பாலத்தின் மேலேயே நிற்கும்போதும் வந்தது. பால்பொடி டப்பா. மூடி இறுக்கமானது, பச்சை நிறம். வைப்பாற்று மணலில் கரைக்க மனசு வராமல், அவள் எலும்புத் துண்டுகளை மஞ்சள் துணியில் முடிந்து அடியில் வைத்து, மேலே சாம்பலைக் கொட்டி, அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்துச் சாத்தூரிலிருந்து கொண்டு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தீட்டு என்பார்கள், சமையல் சாமானோடு வைத்தாயா என்பார்கள். கேட்டால் நியாயம்தான். ஆனால் வேறு எங்கே வைப்பார், அவருக்கு அந்த பஸ்ஸில் அரிசி மூட்டையைத் தவிர வேறு இடமே கிடையாதே. இதே ஊர், இதே டீக்கடை, இதே வைகாசி. மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு இறங்கிப் போய்க் கரைத்துவிடலாம் என்று அவர் அவசரமாகப் பருப்பைக் கடைந்துகொண்டிருக்கும்போது, தாசில்தார் வீட்டு அம்மா ஒருத்தி தொண்டை கட்டிக்கொண்டு, கொப்பளிக்க உப்பு தேடி வந்திருக்கிறாள். மாஸ்டரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற நல்ல எண்ணம்! அவிழ்த்து வைத்த அரிசி மூட்டையில் டப்பாவின் தலை தெரிய, தானே கைவிட்டு எடுத்துத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து வெந்நீரில் போட்டுக் கலக்கியும்விட்டாள். "இந்த உப்பு கரையவே மாட்டேங்குதே, மாஸ்டர்" என்று டம்ளரைத் தூக்கிக் காட்டினாள். அவர் டம்ளரைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். வாய் தானாகத் திறந்தது. "ஐயோ, அது எம் பொண்டாட்டி" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி அவருக்குச் சத்தமாகத்தான் நினைவிருக்கிறது. அந்த அம்மா போட்ட கூச்சல், யாரோ வாந்தியெடுத்தது, இத்தனை நாள் இந்தச் சோற்றையா சாப்பிட்டோம் என்று யாரோ தலையில் அடித்துக்கொண்டது. செண்பகராமன் வந்தான். அன்றைக்கு அவன் ஐம்பத்தொன்பது வயசு ஆள், தொந்தி, கை வீச்சு. சண்டை போடவில்லை, அதுதான் இன்றுவரை ஆறாதது. அடித்திருந்தால்கூட அடித்தான் என்று வைத்துக்கொள்ளலாம். மெதுவாகத்தான் சொன்னான், "குடு, நான் பாத்துக்கிறேன். நீ புதுசா உலை வையி, ஜனம் பசியில இருக்கு." டப்பாவை வாங்கி, பட்டுத்துண்டில் சுற்றி, யாரும் பார்க்காத மாதிரி டீக்கடையைச் சுற்றிக்கொண்டு போனான். வடமலையான் புது அரிசியைக் களைந்தார். களைந்தார்! அதைத்தான் அவர் தனக்குத்தானே மன்னிக்கவில்லை. கூடப் போயிருக்கலாம், அரிசியை அவர்கள் தலையில் கொட்டிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. உலை கொதிப்பதற்குள் அவன் திரும்பி வந்துவிட்டான், கையை வீசிக்கொண்டு. "கரைச்சாச்சு." எங்கே? "சங்கமத்துலதான், வேற எங்க?" பாலம் தாண்டி, சந்து தாண்டி, நூறு படி இறங்கி, நூறு படி ஏறி, அந்தத் தொந்தியோடு, உலை கொதிக்கிற நேரத்துக்குள்! வேட்டிக் கரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. செருப்பில் மண்ணில்லை. மேல்மூச்சுகூட வாங்கவில்லை. சமையல்காரனுக்கு ஒன்று தெரியும், எது எவ்வளவு நேரம் எடுக்கும் என்று. அது தெரியாவிட்டால் நாற்பது பேருக்குச் சோறு போட முடியாது. அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது முதல் தடவை கேட்டார், "எங்க போட்டீங்க, அண்ணாச்சி?" கரைச்சாச்சுன்னா கரைச்சாச்சு என்றான். மறுவருஷம் கேட்டார். இன்னும் அத விடலையா நீ என்றான். அதற்கடுத்த வருஷம், பத்துப் பேர் முன்னால் கேட்டார். போடா வேலையப் பாரு என்றான். ஒரு வருஷம் சிரித்தான். ஒரு வருஷம் கார் கண்ணாடியைத் துடைப்பது போல மூக்குக் கண்ணாடியைத் துடைத்தான். வேறு கம்பெனிக்காரர்கள் வந்து கூப்பிட்டார்கள், ராமேஸ்வரம் பக்கமாகவே இருக்கலாம், குளிர் இல்லை, வயசான காலத்துக்கு நல்லது என்றார்கள். திருப்பூரிலிருக்கும் மகள் அழுதாள், அம்மா போய் எத்தனையோ வருஷம் ஆச்சு, அந்த ஆளு மூஞ்சியில எதுக்குப்பா முழிக்கிறீங்க என்றாள். முழிக்கத்தான் போகிறார். தன்னிடம் கடன்பட்டவனை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போகிற முட்டாள் யார்?

பாலம் முடிந்து சந்து ஏறி இறங்கியது. இரண்டு பக்கமும் கடைகள், ருத்திராட்சம், பித்தளைச் சொம்பு, கங்கை பிடித்துக்கொண்டு போக பிளாஸ்டிக் கேன். எதிரே குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த, யாத்திரைக் கூட்டத்துக் கோமதி டீச்சர், மாஸ்டரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "அதிசயம்! மாஸ்டரே எறங்கிட்டாரு! வடமலைன்னு பேர வச்சுக்கிட்டு, பேருக்கேத்த ஊருக்கு இப்பத்தான் வாரீங்க." பின்னால் வந்த அவர் வீட்டுக்காரர், "நீங்களும் ஒண்ண விடப் போறீங்களா மாஸ்டர்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் வடமலையானுக்கு வயிறு எரிந்தது. கயாவில் ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை விட வேண்டும், அதற்கப்புறம் ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது. விடுகிறவர்கள் விட்டுவிட்டு வந்து இலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். சமைக்கிறவனை யார் நினைக்கிறார்கள்? கயாவிலிருந்து ஒன்பது பேருக்குக் கத்தரிக்காய் ஆகாது, பதினோரு பேருக்குப் பாகற்காய் ஆகாது, ஒருத்தர் துணிச்சலாகப் புளியை விட்டுவிட்டு வந்தார், அவருக்குத் தனிக்குழம்பு. இதே டீச்சர் சுரைக்காயை விட்டார். "ஒங்களுக்குத்தான் சொரக்கா பிடிக்காதே டீச்சர்!" "அதனாலதான விட்டேன். பிடிச்சத விட நான் என்ன பைத்தியமா?" பஸ்ஸே சிரித்தது. செண்பகராமன் மட்டும் கயாவில் ஒன்றும் விடவில்லையாம், தேவப்பிரயாகையில் விடுகிறேன் என்றானாம், இங்கே அப்படி வழக்கமில்லை என்று டீச்சர் சொல்லியும் கேட்கவில்லையாம். அதைக் கேட்டுவிட்டு இன்றைக்குக் காலையில் மூன்று பேர் புதிதாக முள்ளங்கியை விட்டுவிட்டார்கள், சாம்பாருக்கு முள்ளங்கி வாங்கி வைத்திருக்கும்போது. "மாஸ்டர் எதையும் விடமாட்டாரு," டீச்சர் புருஷனிடம் சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது, "அவருக்குப் பிடி இரும்புப் பிடி." ஆமாம் என்று நினைத்தார். ஆமாம், இரும்புதான். நீங்கள் எல்லாரும் கீழே போட்டுவிட்டு லேசாகப் போங்கள், யாராவது ஒருத்தன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அவள் இருந்தாள் என்பதற்கு வேறு என்ன இருக்கிறது.

படி ஆரம்பித்தது. செங்குத்து. காசிராஜன் கை கொடுத்தான், வேண்டாமென்று சுவரைப் பிடித்து இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் முட்டிக்குள் ஒரு ஊசி. இரைச்சல் ஏறி வந்தது, முகத்தில் சாரல் மாதிரி ஒரு குளிர் அடித்தது. எங்கே போட்டிருப்பான் என்று அவர் நினைக்காத இடமில்லை. டீக்கடைக்குப் பின்னால் குப்பைச் சரிவு ஒன்று. பாலத்தின் நடு ஒன்று. ரோடு வளைகிற இடத்தில் பாறை இடுக்கு ஒன்று, அங்கே ஒரு காட்டு அத்திமரம் நிற்கிறது. இன்னும் மோசமாகவும் நினைத்ததுண்டு, அதை நினைத்த அன்றைக்கெல்லாம் சோறு குழைந்துவிடும். எங்கே என்று தெரியாததால் ஊர் முழுக்க அவளாகிவிட்டது. இந்த ஊரில் அவர் எச்சில் துப்பியதில்லை. ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் அடுத்த ஊர் வரைக்கும் அடக்கிக்கொள்வார். சோறு வடித்த கஞ்சியை எல்லா ஊரிலும் சரிவில் கொட்டுகிறவர், இங்கே மட்டும் கேனில் ஊற்றி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், இரண்டு வளைவு தாண்டிக் கொட்டச் சொல்வார். சூடான கஞ்சி. காலில் பட்டால்? அவள் காலில் பட்டால்? "மாஸ்டர் தேவப்பிரயாகைக் கஞ்சிய பத்ரிக்குப் பிரசாதமா கொண்டு போறாரு" என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு. படியை எண்ணிக்கொண்டே வந்தது இங்கே தவறிவிட்டது. சொல்லிவிட்டால்? குப்பைச் சரிவில்தான் போட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வார்? போய்த் தோண்டுவாரா, இருபத்திரண்டு வருஷக் குப்பையை? தோண்டுவார். கரண்டி பிடித்த கைதான், மண்வெட்டியும் பிடிக்கும். சங்கமத்தில்தான் போட்டேன், சத்தியம் என்று கண்ணைப் பார்த்துச் சொன்னால்? நம்புவாரா? வேட்டி காய்ந்திருந்ததே. எதைச் சொன்னாலும் பதில் வைத்திருந்தார்; பாலம் என்றால் ஒரு பதில், பாறை என்றால் ஒரு பதில், இருபத்திரண்டு வருஷமாக அடுப்படியில் நின்று தயார் பண்ணிய பதில்கள், வாயில் ஊறிக்கொண்டிருந்தன. எண்பது, எண்பத்தொன்று, எங்கேயாவது தொடங்கி எண்ணினால் போதும். விட்டுவிடு என்று சொல்வான். அதைத்தான் சொல்வான். சொல்லட்டும், முதலில் கொடுக்க வேண்டியதைக் கொடு.

கடைசிப் படிகளில் இரும்புச் சங்கிலிகள் தொங்கின, குளிக்கிறவர்களைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகாமலிருக்க. செண்பகராமன் கீழிருந்து மூன்றாவது படியில், ஒரு கையில் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தொந்தி வற்றி, தோல் மட்டும் மடிந்து கிடந்தது. பாதம் தண்ணீரில், நீலமாய் விறைத்திருந்தது. அவனுக்கு முன்னால் ஒரு பண்டா, இந்த ஊர்ப் புரோகிதர், தாம்பாளத்தில் எள்ளும் தர்ப்பையும் வைத்துக்கொண்டு, யாத்திரைக்காரர்களிடம் பொறுக்கிய தமிழில் அதட்டிக்கொண்டிருந்தார், "பேர் சொல்லு. செத்தவங்க பேர் சொல்லு. கோத்ரம் சொல்லு. கோத்ரம் தெரியாதா? பரவாயில்ல, பேர் சொல்லு." செண்பகராமன் அப்பன் பேர் சொன்னான், தாத்தா பேர் சொன்னான். வடமலையான் நாலாவது படியில், தண்ணீருக்கு எட்டாமல் நின்றார். அவன் தலை திருப்பி மேலே பார்த்தான். "வந்துட்டியா. ஒக்காரு." பிறகு பண்டாவின் பக்கம் திரும்பி, உள்ளங்கையை நீட்டி, எள்ளை வாங்கிக்கொண்டு, தெளிவாகச் சொன்னான், "சீனியம்மாள்."

அவள் பேர். அவன் வாயிலிருந்து, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக. வடமலையானுக்குக் காதுக்குள் ஆற்றுச் சத்தம் நின்று போனது போலிருந்தது. பண்டா சொம்பைச் சாய்த்தார். தண்ணீர் அவன் உள்ளங்கையில் விழுந்து எள்ளோடு விரலிடுக்கில் இறங்கப் போகிற நேரம், வடமலையான் குனிந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார். எள்ளும் தண்ணீரும் படிக்கல்லில் சிதறியது. பண்டா இந்தியில் கத்தினார். காசிராஜன், "மாஸ்டர், என்ன பண்றீங்க, அப்பாவுக்கு முடியல" என்று இடையில் வந்தான். "தள்ளும் தம்பி." கையை விடாமல் சொன்னார். "அவ எங்க இருக்கான்னு தெரியாம யாருக்குத் தண்ணி குடுக்கீரு? எங்க போட்டீரு?" வாய் தானாக மாறியிருந்தது, இருபத்திரண்டு வருஷம் நீங்க என்று கேட்டவர். அவனுக்கும் அது உறைத்தது, ஒரு நொடி பழைய கோபம் முகத்தில் வந்து, நிற்க முடியாமல் போனது. "நான் இன்னைக்கு ஒண்ண விடணும்னு வந்தேன் வடமலை. நீயும் ஒண்ண விடு. நீ கோவத்த விடு, நான் இந்த யாத்திரையவே விட்டுறேன்." "யாத்திரைய டாக்டர் விடச் சொல்லிட்டாரு. அத நீரு எனக்குத் தர வேண்டாம். எங்க போட்டீரு?" செண்பகராமன் தண்ணீரைப் பார்த்தான். அங்கே இரண்டு நிறமும் ஒரு கோடு போட்டதுபோல் கொஞ்ச தூரம் ஒட்டாமல் ஓடிற்று. பெரிய மீன் ஒன்று எள்ளு விழுமென்று வந்து திரும்பிப் போனது. "சங்கமத்துல இல்ல," என்றான். "அது உண்மை. இங்க எறங்கவே இல்ல." காசிராஜன் அப்பாவைப் பார்த்தான், அவனுக்கும் புதுச் செய்தி. வடமலையான் மணிக்கட்டை விட்டார். "பெறகு?" "பெறகு..." கிழவன் கண்ணை மூடினான். நெற்றியைச் சுருக்கினான். உதடு அசைந்தது, ஏதோ இடத்தின் பேரைத் தேடுவதுபோல. "கயாவுல இருந்து இதத்தாண்டா யோசிக்கேன். மூணு ராத்திரி. டப்பாவ வாங்கினது தெரியுது. கையில கனமில்லாம இருந்தது தெரியுது. பெறகு நான் டீ குடிச்சுக்கிட்டு நிக்கேன். நடுவுல... எனக்கு ஞாபகம் இல்ல, வடமலை. சத்தியமா ஞாபகம் இல்ல."

தயார் பண்ணி வைத்திருந்த பதில் எதுவும் இதன் மேல் ஒட்டவில்லை. பொய்யா என்று முகத்தை உற்றுப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக இந்த முகத்தின் பொய்யைப் பார்த்திருக்கிறார், பொய் சொல்லும்போது இவன் கை சும்மா இராது, மூக்குக் கண்ணாடிக்குப் போகும். இப்போது ஒரு கை சங்கிலியில் இருந்தது, இவர் விட்ட மற்றக் கை சும்மா மடியில் கிடந்தது. உண்மையாகவே மறந்துவிட்டான். ஒளித்து வைத்திருக்கிறான் என்று நினைத்தாரே! பூட்டி வைத்திருக்கிறான், சாவியை ஒருநாள் பிடுங்கலாம் என்று பனியிலும் மண்சரிவிலும் பின்னாலேயே வந்தாரே. அவனுக்கு அது வழியில் தூக்கிப் போட்ட ஒரு டப்பா. டீ குடித்தது நினைவிருக்கிறது. உட்காரலாம் போலிருந்தது, உட்கார்ந்தால் தண்ணீர் எட்டும், தண்ணீரில் கால் பட்டால் முடிந்தது, எல்லாரும் கோமதி டீச்சர் மாதிரி ஈரத்தலையோடு மேலே போய் முள்ளங்கி இல்லாத சாம்பார் சாப்பிடலாம். "மன்னிச்சிருங்க மாஸ்டர், அவருக்குத்தான் ஞாபகமே இல்லன்னு சொல்றாரே," காசிராஜன் அழுதுவிடுவான் போலிருந்தது, "இல்லாதத எங்க இருந்து குடுப்பாரு?" நல்ல கேள்வி. வடமலையான் அதை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். இல்லாததை எங்கிருந்து கொடுப்பான்? தேடித்தான் கொடுக்க வேண்டும். மறந்தவன் நினைக்க வேண்டும். அது அவன் வேலை, என் வேலை இல்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் தீர்ந்துவிடும் என்று எந்த ஊர் வழக்கத்தில் இருக்கிறது? அடுப்பில் சரியாகக் காற்று பிடித்ததுபோல உள்ளே ஒன்று நின்று எரிந்தது. "எந்திரியும்," என்றார்.

"என்னடா?" "எந்திரியும். மேல போவோம். நீரு நடந்த வழியில நடந்து பாரும், காலுக்கு ஞாபகம் இருக்கும்." "முட்டு வலிக்குதுடா." "எனக்கும்தான் வலிக்கு. வாரும்." காசிராஜன் தடுக்கப் பார்த்தான். ஆனால் செண்பகராமன் சங்கிலியை விட்டான். பயந்தா, மனசறிந்தா, யார் கண்டது. வடமலையானின் தோளில் கையை ஊன்றி எழுந்தான். அந்தக் கையின் கனம் தோளில் ஏறியபோது வடமலையானுக்கு அருவருப்பாக இருந்தது, தள்ளிவிடவில்லை, தள்ளிவிட்டால் யார் கொடுப்பது. பண்டா தட்சிணைக்குக் கூப்பிட்டார், மகன் பின்தங்கி நின்று கொடுத்தான். இரண்டு கிழவர்களும் படி ஏறினார்கள். பத்துப் படிக்கு ஒரு தடவை நின்றார்கள். ஒருத்தன் மூச்சு வாங்க மற்றவன் காத்து நின்றான். சந்தில் கடைக்காரர்கள், இரண்டு பெரியவர்கள் இப்படிக் கைகோத்துப் போவதைப் பார்த்து ராம் ராம் என்றார்கள். பாலத்தின் நடுவில் வடமலையான் நிறுத்தினார். "இங்கயா? பாரும். கீழ எறிஞ்சீரா? மூடியத் தொறந்தா, தொறக்காமலா?" செண்பகராமன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பச்சைத் தண்ணீரைப் பார்த்தான். "தெரியலடா." "சரி." அக்கரைச் சந்து. ரோடு. பஸ் ஹாரன் அடித்தது, ஒன்று, இரண்டு, பிறகு விடாமல். பத்ரி வழியிலிருக்கும் ஸ்ரீநகரைத் தாண்டி மண் சரிகிறதாம், சீக்கிரம் கிளம்ப வேண்டுமாம், டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினான். கோமதி டீச்சர் பஸ் படியில் நின்று, "மாஸ்டர், சாப்பாடு?" என்று கேட்டார். உருளைக்கிழங்கு தண்ணீரில் கறுத்துப் போயிருக்கும். உலை வைக்கவில்லை. நாற்பது பேர் பசியில் இருக்கிறார்கள். இருக்கட்டும். போன தடவை அவர்கள் பசிக்கு அரிசி களைந்தது போதும். வடமலையான் பஸ்ஸைப் பார்க்கவேயில்லை. செண்பகராமனைத் திருப்பி, ரோடு வளைகிற இடத்தில், பாறை இடுக்கில் நின்ற அத்திமரத்தின் முன்னால் கொண்டு போய் நிறுத்தினார்.

"இங்கயா?"

கிழவன் மரத்தைப் பார்த்தான். மரத்துக்கு அப்பால் வளைந்து போகிற ரோட்டைப் பார்த்தான். தலை அசைந்தது, இல்லை என்றா, தெரியவில்லை என்றா, அவனுக்கே தெரிந்திராது.

"வாரும்," என்றார் வடமலையான். "இன்னும் இடம் இருக்கு."